துரோகி என்ற சொல்

பலெர்மோவில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு மே மாதம் அஞ்சலி மாதம். மே 9, பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களை இத்தாலி முழுவதும் நினைக்கிற நாள். 1978 இல் அன்றுதான் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவின் உடல் ரோமில் ஒரு காரின் பின்பகுதியில் கிடந்தது. மே 23, கபாச்சி. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் அந்த நெடுஞ்சாலையில் நாம் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறோம். 1992 இல் நீதவான் ஜொவான்னி ஃபல்கோனேயும் மனைவியும் மூன்று பாதுகாவலர்களும் அங்கேதான் குண்டுக்குப் பலியானார்கள். வருடா வருடம் பிள்ளைகள் ஆசிரியைகளோடு ஊர்வலமாக அவர் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தடிக்குப் போகிறார்கள். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் மே 18 வருகிறது. அன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லை. வீட்டிலும் சபையிலும்தான் மெழுகுதிரியும் கஞ்சியும் ஜெபமும்.

மூன்று நாட்களும் ஒரே பிள்ளையின் மனதுக்குள்தான் போகின்றன. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகள் நமக்கு முதலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லப்படும் கதைகளில் செத்தவர்களும் இத்தாலியர், கொன்றவர்களும் இத்தாலியர். அதை யாரும் மறைப்பதில்லை. நாம் வீட்டில் சொல்லும் கதையில் செத்தவர்கள் நாம், கொன்றவர்கள் எப்போதும் வேறு ஆட்கள். தமிழனைத் தமிழன் கொன்ற கதை நம் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. வராதபடியால் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று நினைக்கிறோம். கைபேசியில் வருகிறது. பாட்டுப் போட்டு, படம் ஒட்டி, வீரக்கதையாக வருகிறது. அதில் கொல்லப்பட்டவருக்கு ஊர் இல்லை, வேலை இல்லை, பிள்ளைகள் இல்லை. துரோகி என்ற ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. இங்கே பிறந்து, ஊரை ஓகஸ்ட் விடுமுறையில் மட்டும் பார்த்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இப்போது அந்தச் சொல்லைச் சாதாரணமாகப் பாவிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் காயம் பொய்யல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்ததை நேரில் கண்டவர்கள் நம் ஆராதனையில் இன்றும் அமர்ந்திருக்கிறார்கள். 1987 ஒக்டோபர் 21 இல் இந்திய இராணுவம் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டது. நம்மில் தாதி வேலை செய்கிறவர்கள் அந்த நாளை மறக்கவே மாட்டோம். 1995 ஜூலை 9 இல் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள்மேல் விமானக் குண்டு விழுந்தது. 2009 இன் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011 இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் கணக்குக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. இயக்கத்தில் இருந்து இறந்த மகனின் படத்துக்கு முன்னால் ஒரு தாய் அழுதால் அதைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை. நாமும் கேட்கவில்லை.

ஆனால் காயம் உண்மை என்பதால், அந்தக் காயத்தைக் காட்டிப் பேசுகிற எல்லாக் கொள்கையும் உண்மையாகிவிடாது. தீவிரவாதம் பெரும்பாலும் உண்மையான காயத்தில்தான் வேர் விடுகிறது. அது செய்கிற வேலை வேறு. "இந்தக் காயத்தைப் பற்றி நாங்கள் மட்டும்தான் பேசலாம்" என்று முதலில் சொல்கிறது. அதை ஏற்றுக்கொண்ட பிறகு, வேறு விதமாகப் பேசுகிறவன் வெறும் கருத்து வேறுபாடுள்ளவன் அல்ல, காட்டிக்கொடுக்கிறவன். காட்டிக்கொடுக்கிறவனைக் கொல்வது கொலை அல்ல, கடமை. துப்பாக்கி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே அந்த மனிதனை மனிதர் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிற வேலை முடிந்துவிடுகிறது. அதைச் செய்வது ஒரு சொல்.

நம்மிடம் அந்தச் சொல் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1975 ஜூலை 27 இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போன இடத்தில் சுடப்பட்டார். அவர் ஆளுங்கட்சியோடு இருந்தவர், பலருக்கு அவரைப் பிடிக்காது. அவரைத் துரோகி என்று சொல்லிப் பழகியது துப்பாக்கி வைத்திருந்த பெடியள் அல்ல. அரசியல் மேடைகளில், வெள்ளை வேட்டி கட்டிய மிதவாதத் தலைவர்கள் மத்தியில்தான் அந்தச் சொல் முதலில் புழங்கியது. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு, 1989 ஜூலை 13 இல், அந்த மிதவாதிகளின் தலைவரான அமிர்தலிங்கத்தைக் கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டிலேயே, பேச வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த யோகேஸ்வரனும் இறந்தார். யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998 இல் யாழ்ப்பாண மேயரானார். அதே வருடம் மே 17 இல் அவரும் கொல்லப்பட்டார். எல்லோருக்கும் சொல்லப்பட்ட குற்றம் ஒன்றேதான்.

அமிர்தலிங்கம் இறந்து இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் கொல்லப்பட்டார். வாலிபர்கள் இவரைப் பற்றிக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டொக்டர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், நம்மைப்போல ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வளர்ந்த பிள்ளை. கொழும்பில் மருத்துவம் படித்தார். தயாபால என்ற சிங்களவரை மணந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். அக்கா நிர்மலாவின் தொடர்பால் புலிகளோடு நெருக்கமானார். காயப்பட்டு வந்த பெடியளுக்கு மருந்து கட்டினார். 1983 இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனபோது அங்கே இயக்கத்துக்காக வேலை செய்தார். ஆகவே இவர் வெளியில் நின்று கல் எறிந்தவர் அல்ல. பிறகு இயக்கம் தன் ஆட்களையும் மற்ற இயக்கப் பெடியளையும் நடத்திய விதத்தைப் பார்த்து விலகினார். இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1986 இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குப் பொறுப்பாக இருந்தார்.

அவர் செய்தது ஒரு தாதிக்கு நன்றாகவே புரியும் வேலை. காயத்தைப் பதிவு செய்தார். யார் அடித்த காயம் என்று பார்த்து எழுதவில்லை. இலங்கை இராணுவம் செய்ததையும், இந்திய இராணுவம் பெண்களுக்குச் செய்ததையும், புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்ததையும் ஒரே கையால் எழுதினார். மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதிய அந்தப் புத்தகம்தான் 'முறிந்த பனை'. இங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவருக்கு நிறம் குறிக்கும்போது காயத்தின் ஆழத்தைத்தான் பார்க்கிறோம், அவர் யார் பக்கம் என்று கேட்பதில்லை. சிகப்பு சிகப்புதான். ரஜனி அதை ஒரு யுத்தத்தின் நடுவில், பெயர் போட்டுச் செய்தார். 1989 செப்டெம்பர் 21 இல், பல்கலைக்கழகத்தில் வேலை முடித்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை வழியில் சுட்டார்கள். வயது 35. புலிகள்தான் செய்தார்கள் என்று அவருடைய குடும்பத்தாரும் சகாக்களும் சொல்லிவருகிறார்கள். தன்னைக் கொல்லும் கை வெளியாருடையதாக இராது என்று அவரே முன்கூட்டி எழுதியும் வைத்திருந்தார்.

முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இந்த ஊரில் எத்தனை நினைவுக்கூட்டங்களுக்குப் போயிருப்போம். அவருடைய பெயரை அங்கே கேட்டவர்கள் மிகக் குறைவு.

இது தமிழருக்கு மட்டும் உள்ள வியாதி என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் இத்தாலியக் கதையிலும் இதே சொல் இருக்கிறது, அங்கே அதற்குப் பெயர் ஸ்பியா, உளவாளி. ஆல்தோ மோரோவைக் கொன்ற பிரிகாத்தே ரோஸ்ஸே, அதாவது சிவப்புப் படையணி, தொழிலாளர்களுக்காகப் போராடுவதாகச் சொன்னது. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குக் குறை இருந்தது உண்மை. ஜெனோவாவில் இத்தால்சிதேர் இரும்பாலையில் குயிதோ ரோஸ்ஸா என்று ஒரு தொழிலாளி. கம்யூனிஸ்ட், தொழிற்சங்கக்காரர். 1978 இல் தொழிற்சாலைக்குள் ஒரு சக தொழிலாளி படையணியின் துண்டுப்பிரசுரங்களைப் பரப்புவதைக் கண்டு முறைப்பாடு செய்தார். கூட இருந்தவர்கள் கையெழுத்துப் போடப் பயந்து பின்வாங்கினார்கள். அவர் தனியாகப் போட்டார், நீதிமன்றத்திலும் சாட்சி சொன்னார். 1979 ஜனவரி 24 விடியற்காலை, வேலைக்குப் புறப்பட்டவரைக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். தொழிலாளருக்காகப் போராடுகிறவர்கள் கொன்றது ஒரு தொழிலாளியை.

ஆனால் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அவருடைய இறுதிச் சடங்குக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஜனாதிபதி பெர்த்தினியே வந்து நின்றார். அதுவரை "அரசோடும் இல்லை, படையணியோடும் இல்லை" என்பது பலருக்கு வசதியான பேச்சாக இருந்தது. நம் ஊரில் "எங்களுக்கேன் வம்பு" என்பார்களே, அதன் இத்தாலிய வடிவம். அந்த நாளுக்குப் பிறகு தொழிற்சாலைகளில் அப்படிப் பேசுவது கஷ்டமாகிவிட்டது. பொலிசும் நீதிமன்றமும் படையணியை உடைத்தது உண்மை. ஆனாலும் யாருடைய பெயரால் கொன்றார்களோ அவர்களே "எங்கள் பெயரால் வேண்டாம்" என்று தெருவில் வந்து சொன்னதற்குப் பிறகு அதற்குக் காலடியில் மண் இல்லாமல் போனது. நாம் அப்படித் தெருவில் வந்து நிற்கவில்லை. நிற்க முடியாத காலம் அது, பயம் இருந்தது, அதை அறிவோம். இன்று பலெர்மோவில் என்ன பயம்?

பயம் இருந்தும் பேசினவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2016 இல் வியா மக்வேதாவிலும் பல்லரோவிலும் கடை வைத்திருந்த பங்களாதேஷ்காரர்கள், தங்களிடம் கப்பம் வாங்கிய கும்பலை ஒன்றாகச் சேர்ந்து பொலிசில் காட்டிக்கொடுத்தார்கள். இந்த ஊரில் பிறந்தவர்களே தயங்குகிற காரியம் அது. நாம் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கும் தெருதான்.

அவர்கள் முஸ்லிம்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, காரணம் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளுக்கு நடுவில் குண்டு வெடித்தது. நம்மைப்போன்ற ஒரு சபை, நம் பிள்ளைகளின் வயதில் பிள்ளைகள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்க ஆலயங்களில், கொழும்பு ஹோட்டல்களில், மொத்தம் 260 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் முஸ்லிம்களைப் பற்றி வந்தவற்றை இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கும். அவற்றில் வராத ஒரு செய்தி உண்டு. தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் காத்தான்குடிக்காரர். அவரை முதலில் எதிர்த்து நின்றவர்களும், அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் வாளோடு பாய்ந்தது நம்மேல் அல்ல, அதே ஊரின் சூஃபி முஸ்லிம்கள்மேல். தேவாலயத்துக்கு வருவதற்கு இரண்டு வருடம் முந்தியே அது அவர்கள் வீட்டைத் தாக்கிவிட்டது. வீட்டுக்காரர் கத்தினார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அதே காத்தான்குடியில் 1990 ஓகஸ்ட் 3 இரவு, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் குனிந்திருந்தவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்களும் உண்டு. புலிகள் மறுத்தார்கள், தப்பியவர்கள் புலிகளைத்தான் சொன்னார்கள். சீயோனுக்காக வருடா வருடம் ஜெபிக்கிறோம், ஜெபிக்கத்தான் வேண்டும். பள்ளிவாசலில் இறந்த அந்தப் பிள்ளைகளுக்காக நம் சபையில் ஒரு தடவையாவது ஜெபித்திருக்கிறோமா?

இதை வாசிக்கிற பெரியவர்கள் சிலர் இப்போதே கோபமாக இருப்பார்கள். அவர்கள் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, அரசு செய்ததையும் இயக்கம் செய்ததையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். இல்லை. எண்ணிக்கை ஒன்றல்ல, அதிகாரமும் ஒன்றல்ல. 2009 க்குப் பொறுப்பானவர்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாம் மேற்கோள் காட்டுகிற அதே ஐக்கிய நாடுகள் அறிக்கை, தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டார்கள் என்றும் சொல்கிறது. பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை ஜெனீவாவில் நீட்ட முடியாது. மற்றது, நம் குறையை நாமே சொன்னால் எதிரிக்கு வாய்ப்பு. இந்த நியாயத்தை நம்மவர் மட்டுமல்ல, மாஃபியா ஆட்களும் சொல்வார்கள். வீட்டு விஷயம் வெளியில் போகக்கூடாது என்பதுதான் இந்தத் தீவையே நூறு வருடம் வாய் மூட வைத்தது. நம் பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து நம் வாயிலும் அதையே கேட்கிறார்கள்.

வேதாகமத்தில் பன்னிரண்டு பேரின் பெயர்ப் பட்டியலை ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்திருப்போம். அதில் செலோத்தே என்னப்பட்ட சீமோன் இருக்கிறார், ரோமருக்கு எதிரான வைராக்கியக்காரர் என்று அந்தப் பெயருக்குப் பலர் விளக்கம் சொல்வார்கள். ரோமருக்காக வரி வசூலித்த மத்தேயுவும் இருக்கிறார். சீமோனின் ஆட்களுடைய கண்ணில் மத்தேயு யார்? சொல்லத் தேவையில்லை. இயேசு இருவரையும் ஒரே பந்தியில் இருத்தினார். அந்தப் பந்தி எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை.

மன்னிப்பு என்று சொன்னவுடன் அது பலவீனம் என்று நினைக்கும் வாலிபர்களுக்கு ஒரு இத்தாலிய வாலிபரைக் காட்டலாம். 1980 பெப்ரவரி 12 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தோரியோ பாக்கெலெத்தைப் படையணி சுட்டுக் கொன்றது. இறுதி ஆராதனையில் அவர் மகன் ஜொவான்னி, இருபத்துநான்கு வயது, நீதி நடக்க வேண்டும் என்றும் ஜெபித்தார், அப்பாவைக் கொன்றவர்களுக்காகவும் ஜெபித்தார். தொலைக்காட்சியில் நாடே கேட்டது. மூன்று வருடம் கழித்து, சிறையிலிருந்த முன்னாள் தீவிரவாதிகள் பலர் சேர்ந்து, இறந்தவரின் சகோதரரான குருவானவருக்குக் கடிதம் எழுதினார்கள், வந்து தங்களோடு பேசும்படி. அவர் பல வருடங்கள் சிறை சிறையாகப் போய்வந்தார். ஜொவான்னி நீதியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொன்றவர்களுக்கு வேறொரு பெயர் வைக்கவும் அவர் மறுத்தார்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. சபைக்குள்ளும், சபை முடிந்து கோப்பியோடு நிற்கும் வாசலிலும், எவரையும் துரோகி என்று சொல்வதை நிறுத்துவோம். ஒருவர் செய்தது பிழை என்றால் என்ன செய்தார் என்று சொல்லலாம். பிள்ளைகளின் கைபேசியில் அந்த வீடியோக்கள் வந்தால் பறித்து அழிப்பதைவிட, பக்கத்தில் இருந்து அந்தக் கொல்லப்பட்டவரின் பெயரையும் ஊரையும் தேடிப் பார்க்கச் சொல்லலாம். மே 18 ஆராதனையில் ஏற்றும் மெழுகுதிரிகளோடு, நம்மவர் கையால் இறந்தவர்களுக்கென்று ஒன்று கூட ஏற்றலாம். அதற்காக எந்தத் தாயின் மெழுகுதிரியும் குறையப்போவதில்லை.

செப்டெம்பர் 21 ஐ ஒட்டி வரும் வாலிபர் கூட்டத்தை ரஜனி திராணகமவின் நினைவாக வைக்கும்படி மூப்பர்களிடம் கேட்டிருக்கிறோம். 'முறிந்த பனை'யிலிருந்து சில பகுதிகளைத் தமிழில் வாசிப்போம். தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக அக்காமார் இருவர் இத்தாலிய மொழியில் எடுத்துச் சொல்ல முன்வந்திருக்கிறார்கள். அன்று பெற்றோரும் வரலாம். ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் கட்டாயம் வர வேண்டும், அவர்களுடைய கதையும் பிள்ளைகளுக்குத் தேவை.